அரைவேக்காடு யாருடைய குற்றம்?

கெராங் சிப்பியைக் கொதிநீரில் ஒரு கணம் முக்கி, உள்ளிருக்கும் செந்நீர் மாறுமுன்னரே எடுத்துத் தட்டிலிடுவதுதான் பினாங்கின் கைப்பாகம் என்றும், அதனை முற்ற வேகவைப்போன் சுவையறியாதான் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மவரிடையே வேரூன்றி நிற்கிறது. கெலுகோர் வட்டாரத்து அங்காடிக் கடைகளில் மாலை வேளைகளில் சற்று நின்று கவனிப்போர்க்கு இது நன்கு விளங்கும். சார் குவே தியாவுக்குச் சொல்லும்போதே, சிப்பி வெந்துவிடலாகாது என்று கடைக்காரருக்குக் கட்டளையிடுவோர் பலர். அவரும் பிறவெல்லாம் வறுபட்டு முடிந்த பின்னர்க் கடைசியாக ஒரு பிடி சிப்பியை வாணலியில் தூவி, இருமுறை புரட்டி இறக்கிவிடுகிறார். மறுநாளோ அதற்கு மறுநாளோ வாந்தியும் பேதியுமாய் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், "சூடு பிடித்துக்கொண்டது" என்கிறோம். "கண்ணேறு பட்டது" என்கிறோம். அதுவும் பொருந்தாவிடின், "அந்தக் கடைக்காரன் அசுத்தக்காரன்" என்று ஓர் ஏழையின் தலையில் பழியை இறக்கிவைத்துவிட்டு நிம்மதியாய் உறங்குகிறோம். இம்மூன்று கூற்றுக்களும் பொய் என்பதும், மெய்க்குற்றவாளி வேறிடத்தில் மறைந்திருக்கிறான் என்பதும் நமது வாதம்.

முதற்கண் அச்சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கெராங் சிப்பியின் உடலில் ஓடுவது, நமது இரத்தத்தைச் சிவக்கச் செய்யும் ஹீமோகுளோபின் என்னும் பொருளேயாகும். சிப்பியினங்களுள் பெரும்பாலானவற்றுக்கு இஃதில்லை. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் புதைந்து வாழும் இச்சாதிக்கு இது வாய்த்திருக்கிறது. சூடு ஏறினால் அந்நிறம் பழுப்பாக மாறும். ஆகவே சிவப்பு மாறாத சிப்பி நமக்கு அறிவிப்பது ஒன்றே: சூடு உள்ளே சென்று சேரவில்லை என்பது. இதனைத்தான் நம்மவர் புதுமைக்கு அடையாளமென்று கொண்டாடி, அதற்காகவே காசும் கொடுக்கின்றனர். அபாயக் கொடியைக் கண்டு அலங்காரத் தோரணம் என்று மகிழ்வாரை என்னென்பது!

இனி, உள்ளே சூடு சேராமையால் விளையும் கேடு யாது? சிப்பி தன் இரையைத் தேடி ஓடுவதில்லை. இருந்த இடத்திலிருந்தே நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்பொருள்களைச் செவுள்களால் வடித்து உண்டு, நீரை வெளிவிடுகிறது. நாள் முழுதும் லிட்டர் லிட்டராக இவ்வாறு வடிகட்டுகிறது. அந்நீரில் மனித மலம் கலந்திருப்பின், அதிலுள்ள நோய்க்கிருமிகளும் வடிகட்டப்பட்டுச் சிப்பியின் வயிற்றிலேயே சேர்கின்றன. மீனை நாம் குடல் களைந்து உண்கிறோம். சிப்பியையோ குடலும் கழிவும் சேர முழுவதுமாக உண்கிறோம். இத்தனையும் அறிந்தபின், அரைவேக்காட்டுச் சிப்பியைச் சுவைப்பது, அக்கடலோரத்தில் யார் யார் என்னென்ன கழித்தனரோ அதனையெல்லாம் சுண்டக் காய்ச்சாமலே அருந்துவதற்கு ஒப்பாகும் என்று நாம் கூறினால் வாசகர் முகஞ்சுளிக்கலாகாது.

இவ்வழியாய் வரும் நோய்கள் பல. அவற்றுள் இன்று உலகெங்கும் முன்னிற்பது நோரோ வைரஸ் என்பது. 1968-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்து நார்வாக் என்னும் ஊரில், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் திரளாக வாந்தியெடுத்து வீழ்ந்தனர். அப்போது சேமித்துவைத்த மலத்தை ஆராய்ந்து, 1972-ல் கபிக்கியன் என்னும் விஞ்ஞானியும் அவர்தம் கூட்டத்தாரும் மின்னணு உருப்பெருக்கியின் வழியே அக்கிருமியைக் கண்டனர். அவ்வூரின் பெயரே திரிந்து இன்று கிருமியின் பெயராய் நிற்கிறது. மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஏறத்தாழ முப்பது கூறு அளவே இதன் உருவம். இருபதுக்கும் குறைந்த துகள்கள் வயிற்றுட் சென்றாலே ஒருவனை வீழ்த்தப் போதும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். உட்சென்ற பன்னிரண்டு மணி முதல் இரண்டு நாளுக்குள் நோய் தலைகாட்டும். ஒன்று முதல் மூன்று நாள் ஆட்டிவைத்துத் தணியும். தணிந்த பின்னும் இரண்டு வாரத்துக்கு மேலும் நோயுற்றோன் மலத்தில் கிருமி வெளிப்பட்டுக்கொண்டிருக்கும். தடுப்பூசி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. "மூன்று நாள் நோய்தானே, போகட்டும்" என்பார்க்கு ஒன்று சொல்வோம்: உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 68 கோடிப் பேரை இது பீடிக்கிறதென்றும், 2 லட்சம் பேர் மாள்கின்றனரென்றும், அவர்களுள் 50 ஆயிரம் பேர் குழந்தைகளென்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அக்குழந்தைகளில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஏழை நாட்டார் வயிற்றிற் பிறந்தவரே.

இவ்விடத்தில் வாசகர் மறவாமற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இக்கிருமி சிப்பியினுள் பெருகுவதில்லை, கடலில் பிறப்பதுமில்லை. மனிதக் குடலில்தான் பெருகுகிறது. ஆகவே சிப்பியில் காணப்படும் ஒவ்வொரு துகளும் ஒரு மனிதனிடமிருந்து புறப்பட்டு, ஒரு சாக்கடை வழியாகவோ ஒரு படகின் ஓரத்திலிருந்தோ கடலைச் சேர்ந்ததேயாம். சிப்பியைப் பழிப்பதும் கடலைப் பழிப்பதும் வீண்.

கெலுகோர் என்னும் பெயரே, லக்சாவுக்கும் மீன் குழம்புக்கும் புளிப்பேற்ற உதவும் அசாம் கெலுகோர் மரத்தினின்று வந்ததென்பர். அப்புளிப்பின்மேல் நம்மவர்க்குள்ள நம்பிக்கை பெரிது. எலுமிச்சை பிழிந்தால், காடியில் நனைத்தால், மிளகாய்ச் சாந்தில் தோய்த்தால் கிருமி மாண்டுபோகும் என்கின்றனர். நோரோ வைரஸ் நமது வயிற்றின் அமிலத்தையே கடந்து குடலுக்குச் செல்லும் வல்லமை வாய்ந்தது. அதன்முன் எலுமிச்சங்காய் எம்மாத்திரம்? பனிக்கட்டிப் பெட்டியிலும் அது மடிவதில்லை. கைக்குத் தடவும் சாராய மருந்துக்கும் எளிதில் அடங்குவதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீருமே அதனைக் கையினின்று கழுவி நீக்கும்.

நிற்க. கெலுகோருக்கும் சிப்பிக்கும் உள்ள உறவு உணவோடு முடிவதன்று. நாட்டின் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பத்து மவுங்குக்கு மாறுமுன் கெலுகோரில்தான் இருந்தது. கெராங் சிப்பி எவ்வாறு பிறந்து வளர்கிறது, எவ்வகைச் சேற்றை விரும்புகிறது, எத்தனை மாதத்தில் விற்பனைக்கு வருகிறது என்பவற்றை ஆராய்ந்து, பதன்சாலி என்பார் 1958-ல் சூங் என்பாருடன் கூடியும், 1966-ல் தனித்தும் எழுதிய ஆராய்ச்சிகள் இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகின்றன. 1948-ஐ ஒட்டிப் பேராக் கரையோரத்துச் சேற்று நிலங்களில் தொடங்கிய சிப்பி வளர்ப்பு, மேற்குக் கரை முழுதும் பரவி ஆயிரக்கணக்கானோர்க்குப் பிழைப்பாயிற்று. அவ்வளவு அறிவு பிறந்த ஊரில், அச்சிப்பி எந்த நீரைக் குடித்து வளர்ந்தது என்று கேட்கும் வழக்கம் மட்டும் பிறக்கவில்லை!

கெலுகோர்க் கரையில் நின்று கிழக்கே நோக்குக. 1985-ல் திறக்கப்பெற்ற பாலம் பிறைக் கரையை நோக்கி ஓடுகிறது. அதற்கு வடக்கே, ஜெலுத்தோங்குக்கு எதிரில், மிடில் பேங்க் என வழங்கும் மேடு கிடக்கிறது; பெருவற்றத்தின்போது தலைகாட்டும்; கடற்புல் வளர்வது. வற்றத்தில் அங்கே இறங்கிச் சிப்பி பொறுக்கி வருவோருண்டு. கடைக்குச் சென்று விலைகொடுத்து வாங்க இயலாதவர்க்கு அஃது ஒருவேளைக் கறி. அம்மேட்டுக்கு அண்மையிலேதான் பினாங்கு ஆறு நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துவந்து கடலிற் கலக்கிறது. ஜெலுத்தோங்கில் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இந்நூற்றாண்டில்தான் எழுந்தது. அதற்கு முன்னெல்லாம் ஜார்ஜ் டவுனின் மலநீர் பெரும்பாலும் கடலையே சரணடைந்தது. நிலையம் எழுந்தது நன்றே. அதனை நாம் குறைகூறோம். ஆயின், சுத்திகரித்த நீரிலும் வைரஸ் அடியோடு ஒழிவதில்லை; பெருமழையில் சாக்கடை பொங்கி வழியும்போது எந்நிலையமும் முழுப் பயன் தாராது. இவை எந்நாட்டுப் பொறியாளரும் ஒப்பும் செய்திகள்.

பாலத்தைக் கடந்து அக்கரை சென்றால் ஜூரு ஆற்றின் முகத்துவாரம். 1970-களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு அவ்வாற்றில் இறங்கியது. குவாலா ஜூருவின் மீனவர் மீனை இழந்தனர். கைகட்டி அமர்ந்துவிடாமல், கூட்டுறவாய்ச் சேர்ந்து கெராங் சிப்பி வளர்க்கத் தலைப்பட்டனர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்கட்குத் துணைநின்று நாடறியச் செய்தது. அச்சங்கத்தின் தலைவராய் நெடுங்காலம் இருந்து 2019-ல் மறைந்த எஸ். எம். முகமது இத்ரிஸ் அவர்களை அறியாத தமிழர் பினாங்கில் இலர். அத்துணைப் போராட்டமும் நடந்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆயினும் பல்லாண்டுகளாக நாட்டின் மிக அழுக்கடைந்த ஆறுகளின் வரிசையில் ஜூருவின் பெயர் திரும்பத் திரும்ப அச்சேறிவந்திருக்கிறது. நஞ்சை ஊற்றியவர் ஆலைக்காரர். அசுத்தக்காரர் என்று பெயரெடுத்தவர் சிப்பி விற்ற மீனவர். இதுவன்றோ நமது நாட்டு நியாயம்!

"சோதனை செய்துதானே சந்தைக்கு விடுகிறார்கள்?" என்று சிலர் கேட்கக்கூடும். சோதனை எதற்கு என்பதே கேள்வி. உலகெங்கும் சிப்பிக்கு வழக்கமாகச் செய்யப்படுவது பாக்டீரியாச் சோதனை. ஐரோப்பாவில் 100 கிராம் சிப்பிச் சதையில் ஈ-கோலி என்னும் மலப் பாக்டீரியா 230-க்கு மேற்படாதிருந்தால் அது நேரே உண்ணத் தக்கது என்பது பொதுவிதி. பாக்டீரியாவைச் சிப்பி இரண்டொரு நாளில் வெளியேற்றிவிடும். சுத்தநீர்த் தொட்டியில் இட்டுவைத்தால் விரைந்தே வெளியேற்றும். வைரஸ் அவ்வாறன்று, வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் 2006-ல் காட்டியவாறு, ஆளிச்சிப்பியின் செரிமான உறுப்பில் மனிதரின் இரத்த வகைப் பொருளை ஒத்த சர்க்கரைப் பொருள் உண்டு. கிருமி அதனைப் பற்றிக்கொண்டு விடுவதில்லை. ஆகவே பாக்டீரியாச் சோதனையில் தேறிய சிப்பியும் வைரஸைச் சுமந்திருக்கக் கூடும். திருடன் போனபின் வாயிலைச் சோதித்துவிட்டு, வீட்டினுள் ஒளிந்திருக்கும் அவன் கூட்டாளியை மறந்துவிடும் காவலனுக்கு நாம் எத்துணை நற்சாட்சிப் பத்திரம் வழங்கினாலும் வீடு காக்கப்படாது.

இஃது ஊகமன்று. 1978-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னியை அடுத்த ஜார்ஜஸ் ஆற்றுச் சிப்பிகளைத் தின்று 2,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். அதன் பயனாக, அம்மாநிலத்தில் சிப்பிகளைச் சுத்தநீர்த் தொட்டியில் தெளிவித்தே விற்கவேண்டுமென்ற ஏற்பாடு பிறந்தது. தெளிவித்த சிப்பியைத் தாமாக முன்வந்து உண்ட தொண்டர்களுள்ளும் சிலர் நோயுற்றனர் என்பதை 1981-ல் அவர்களே ஆராய்ந்து வெளியிட்டனர். தம் ஏற்பாட்டின் குறையைத் தாமே சோதித்து ஊரறிய எழுதும் அந்த நேர்மையை நம் அதிகாரிகளிடமும் எதிர்பார்ப்பது பேராசையாகுமா?

நமக்கு இன்னும் அண்மையிலுள்ளது சீனத்து நிகழ்ச்சி. அதனைச் சற்று விரித்தே கூறவேண்டும். ஏனெனில், அது நமது கெராங்கின் உடன்பிறப்பான சிப்பியால், நமது வழக்கத்தையே ஒத்த வழக்கத்தால் விளைந்தது. 1988 ஜனவரி முதல் மார்ச் வரை ஷாங்ஹாய் மாநகரில் மஞ்சட்காமாலை பரவியது. ஹெப்படைட்டிஸ் ஏ என்னும் ஈரல் நோய். நோரோ வைரஸ் வேறு, இது வேறு. எனினும் மலத்திற் புறப்பட்டு வாயிற் புகும் வழி ஒன்றே. அவ்வூரார் முடிச்சிப்பி என்னும் ஒருவகைச் செந்நீர்ச் சிப்பியைக் கொதிநீர் ஊற்றி உடனே வடித்துவிட்டு, உள்ளே குருதி மாறாமல், இஞ்சியும் காடியும் சேர்த்து உண்பர். அவ்வாண்டு அண்டைய கடற்கரையொன்றிலிருந்து வந்த சிப்பி மலநீரில் வளர்ந்தது. மூன்று மாதத்துள் ஏறத்தாழ 3 லட்சம் பேர் படுக்கையில் வீழ்ந்தனர். முப்பதுக்குக் குறையாதோர் மாண்டனர். மருத்துவமனைகள் நிரம்பி, பள்ளிகளும் ஆலைகளும் விடுதிகளும் நோயாளர் கூடங்களாயின. அதற்குப்பின் அந்நகரில் அச்சிப்பியின் விற்பனையே விலக்கப்பட்டது. "எங்கள் பாட்டன் காலமுதல் உண்கிறோம், என்ன கெட்டுப்போயிற்று?" என்று ஷாங்ஹாய்வாசிகளும் 1987 வரை கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பர். பாட்டன் காலத்துக் கடற்கரையில் இத்தனை லட்சம் ஜனங்கள் குடியிருக்கவில்லை என்பதையும் நாம் எண்ணவேண்டுமன்றோ? சிங்கப்பூரிலும் 2003 டிசம்பர் இறுதியில் தொடங்கி அடுத்த ஜனவரிக்குள், வெளிநாட்டினின்று உறைபனியில் வந்த பாதியோட்டு ஆளிச்சிப்பியைப் பச்சையாக உண்ட 300-க்கு மேற்பட்டோரை நோரோ வைரஸ் வீழ்த்தியது. அவர்கள் அங்காடிக் கடை ஏழைகளல்லர், விலையுயர்ந்த விருந்துண்டோர். கிருமிக்கு ஜாதியுமில்லை, அந்தஸ்துமில்லை.

ஜாதி என்றதும் மற்றொரு கூட்டத்தார் நினைவுக்கு வருகின்றனர். நண்டு, சிப்பி, நத்தை முதலியன இழிந்த உணவென்றும், அவற்றைத் தின்போர்க்கு நோய் வருவது தகுமென்றும், தாங்கள் மரக்கறி உண்போராதலின் தூயரென்றும் கருதுவோர் அவர்கள். இன்னார் தொட்டால் தீட்டு, இன்னார் நிழல் பட்டால் தீட்டு என்று ஆயிரம் ஆண்டு ஆராய்ந்த நம் முன்னோரின் சுத்தக் கொள்கையில், மலங்கழித்த கையைச் சோப்பிட்டுக் கழுவுக என்னும் ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொல்வாரைக் காணோம்! மரக்கறியாளர்க்கும் ஒரு செய்தி சொல்லிவைப்போம். 2012-ல் ஜெர்மனியின் கிழக்கு மாகாணங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறத்தாழ 11,000 பேர் வாந்திபேதிக்கு ஆளாயினர். அவர்கள் உண்டது சிப்பியன்று. உறைபனியில் வந்த ஸ்ட்ராபெர்ரிப் பழம்! அதிலும் நோரோ வைரஸே இருந்தது. பழத்துக்கும் சிப்பிக்கும் பொதுவாயிருப்பது மலங்கலந்த தண்ணீரும் கழுவாத கையுமே. ஆகவே தூய்மை என்பது இலையில் இருக்கும் பண்டத்தைப் பொறுத்ததன்று என்பதை ஆசார சீலர்கள் இனியேனும் உணர்வார்களாக.

இனி, கையைப் பற்றிய பேச்சு. உணவைக் கையாள்வோர் பயிற்சி பெறவேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்கவேண்டும் என்று 2009-ம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிகள் கட்டளையிடுகின்றன. நல்ல விதிதான். கடைதோறும் ஊசிச் சீட்டைக் கேட்கும் அதிகாரிகளைக் காண்கிறோம். ஆனால் டைபாய்டு ஊசி நோரோ வைரஸைத் தடுக்காது. அதனைத் தடுக்கும் வழி வேறு: வாந்தியோ பேதியோ கண்ட தொழிலாளி, அது நின்றபின்னும் 48 மணி நேரம் உணவைத் தொடாதிருக்கவேண்டும். மேல்நாட்டுச் சுகாதார நூல்கள் எல்லாம் இதனை ஒருமுகமாகக் கூறுகின்றன.

இதனைச் சொல்வது எளிது. தட்டுக் கழுவும் பெண்ணை எண்ணிப்பாருங்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது லயத்தை விட்டு வந்து, அடுக்குமாடியின் ஓர் அறையில் மூன்று பிள்ளைகளோடு வாழ்பவள்; வேலைக்கு வந்த நாளுக்கே வெள்ளி. அவள் இரண்டு நாள் நோயும் இரண்டு நாள் ஓய்வுமாக நான்கு நாள் வீட்டிலிருந்தால், வாடகையை யார் கொடுப்பார்? நாட்டின் 1955-ம் ஆண்டுத் தொழிற்சட்டம், முதலிரண்டு ஆண்டு வேலைசெய்தோர்க்கே ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை உண்டென்கிறது. அச்சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அவளோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடல்கடந்து வந்து அடுப்படியில் நிற்கும் அயல்நாட்டுத் தொழிலாளியின் நிலை இதனினும் கேடு. நோயென்று சொன்னால் வேலையும் போய்விடுமோ என்று அஞ்சி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரிசி கழுவுகிறான். இத்தகையோரைப் பார்த்து, "அசுத்த ஜாதி, இவர்களால்தான் நோய்" என்று நம்மவருள் சிலர் கூசாது பேசுகின்றனர். நம் பாட்டன்மார் ரப்பர்க் காட்டில் பேதியால் மடிந்தபோது துரைமார் சொன்னதும் இதே சொற்றான் என்பதை இவர்கள் மறந்தனர் போலும். அன்று லயத்துக்குக் கக்கூசும் குழாயும் கட்டித்தாராதவர், கூலிக்குச் சுத்தமறியாது என்றனர். இன்று நோய் விடுமுறைச் சம்பளம் தாராதவர் அதனையே சொல்கின்றனர். நாமும் சேர்ந்து பாடுகிறோம்.

அங்காடிக் கடைக்காரர் சார்பிலும் சில சொல்லியாகவேண்டும். சிப்பியைப் பாதுகாப்பாக வேகவைப்பதெனின், அதன் உட்சதை 90 டிகிரி சூட்டை எட்டி ஒன்றரை நிமிஷம் அந்நிலையில் நிற்கவேண்டும். இங்கிலாந்தில் இவ்வகைச் சிப்பிக்கு ஏற்படுத்திய கணக்கு இது. ஓடு திறந்துவிட்டால் வெந்துவிட்டதென்று கருதுவது தவறு. அதற்கு வெகு முன்னரே ஓடு திறந்துகொள்ளும். கொதிக்கும் அண்டாவில் குளிர்ந்த சிப்பியைக் குவியலாகக் கொட்டினால் தண்ணீரின் சூடும் இறங்கிவிடுகிறது. மீண்டும் கொதி வந்தபின்னரே நேரத்தை எண்ணத் தொடங்கவேண்டும். இவ்வளவும் செய்தால் சதை சுருங்கும். தட்டில் கொஞ்சமாய்த் தோன்றும். வாடிக்கைக்காரர் முகம் கோணுவர். சிப்பியின் விலையோ ஏறியவண்ணமிருக்கிறது. 2010-ல் நாட்டின் கெராங் விளைச்சல் 70 ஆயிரம் டன்னுக்கு மேல் இருந்தது. பத்தாண்டுக்குள் அதில் காற்பங்குகூட எஞ்சவில்லை. நீர் கெட்டதும் குஞ்சு அருகியதும் காரணங்களென்பர். ஆக, கடலைக் கெடுத்தவர்க்குத் தண்டனையில்லை. அருகிய சிப்பியை விலைகொடுத்து வாங்கி, வேகவைத்தால் நட்டம், வேகவைக்காவிடின் பழி என்று இருதலைக் கொள்ளி எறும்பாய் நிற்பவர் கடைக்காரர். நன்றாக வேகவைத்துத் தருக, சுருங்கினாலும் முணுமுணுக்கமாட்டோம் என்று உண்போர் நாமே கேட்டுப் பழகினாலன்றி அவர் தாமாக மாறமாட்டார்; மாறவும் முடியாது.

வீட்டிலுள்ள தாய்மார்க்கு ஒன்று. பேதி கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்தால் பேதி பெருகும் என்று வாயைக் கட்டிப்போடும் கொடிய வழக்கம் தோட்டங்களில் இருந்தது. நகரத்திலும் இன்னும் முற்றும் ஒழிந்தபாடில்லை. இந்நோயில் உயிரைக் கொள்வது கிருமியன்று, உடலின் நீர் வற்றுவதே. 1971-ல் வங்காளத்து அகதிகள் பொங்காவ் முகாமில் காலராவால் மடிந்தபோது, திலீப் மகலநபிஸ் என்னும் வைத்தியர், ஊசிவழி ஏற்றும் மருந்து தீர்ந்த நிலையில், உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த நீரை வாய்வழியே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாயிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அப்பொடி இன்று எந்த மருந்துக்கடையிலும் சில காசுக்குக் கிடைக்கிறது. சர்க்கார் கிளினிக்கிலும் கேட்டுப் பெறலாம். கைப்பிள்ளையும் கிழவரும் சோர்ந்து, சிறுநீர் குறைந்து, கண் குழிந்தால் மாந்திரீகரைத் தேடாது மருத்துவமனைக்கு ஓடுக. வாந்தி விழுந்த இடத்தைக் குளோரின் கலந்த வெளுப்புநீரால் துடைக்கவேண்டும். வெறும் துணியால் துடைப்பது கிருமியை வீடெங்கும் பூசுவதாகும்.

நாட்டின் 1988-ம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி "உணவு நச்சு" என்பது அறிவிக்கப்படவேண்டிய நோய். நோரோ வைரஸ் அப்பட்டியலில் தனிப்பெயரோடு இல்லை. ஆகவே வாந்திபேதியோடு கிளினிக்குக்குச் செல்பவனுக்கு மாத்திரையும் இரண்டு நாள் சீட்டும் கிடைக்கின்றன. மலத்தைச் சோதிப்பார் அரியர். சோதியாத நோய்க்குக் கணக்கில்லை. கணக்கில்லாத நோய்க்கு வரவுசெலவில் பணமில்லை. கெலுகோரிலேயே ஒரு பெரிய பல்கலைக்கழகம் 1971 முதல் மின்டன் குன்றில் நிற்கிறது. வைரஸை ஆராயும் கருவிகளும் அவற்றை இயக்க வல்ல அறிஞரும் அத்தகைய கலாசாலைக்கு அருமையல்ல. குன்றின்மேல் அறிவும் குன்றின்கீழ்ச் சிப்பியும் ஒன்றையொன்று பாராமலிருப்பது யாருக்கு நன்மை?

சர்க்காரையும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையும் நாம் கேட்பது அதிகமில்லை. சிப்பி விளையும் ஒவ்வொரு கரைநீரின் தரத்தையும் மாதந்தோறும் சோதித்து, பாக்டீரியாவோடு வைரஸையும் பார்த்து, முடிவை மறைக்காது வெளியிடுக. பெருமழைக்குப் பின்னும் சாக்கடை உடைந்த பின்னும் அறுவடையைச் சில வாரம் நிறுத்துக. நிறுத்திய நாட்களுக்கு மீனவர்க்கு ஈடு கொடுக்க. 2012-ல் கொரியக் கடற்கரையில் படகுகளின் மலம் கலந்ததென்று கண்டு அந்நாட்டுச் சிப்பியை அமெரிக்கா தடுத்து நிறுத்தியபோது, கொரியர் தம் கரையைச் செப்பஞ்செய்தே மறுவருஷம் சந்தையை மீட்டனர். பிறநாட்டான் வயிற்றுக்காகச் செய்ய முடிந்ததை நம் குடிகள் வயிற்றுக்காகச் செய்யலாகாதா? அங்காடிக் கடைகளுக்கு உரிமம் வழங்கும்போது, ஊசிச் சீட்டைக் கேட்பதுபோலவே, வேலையாட்களுக்கு நோய் விடுமுறைச் சம்பளம் கொடுத்த கணக்கையும் கேட்க. மிடில் பேங்க் மேட்டுக்கு இறங்கும் கரையில், இவ்வாரம் இங்கே சிப்பி பொறுக்கலாமா கூடாதா என்பதை மலாயிலும் சீனத்திலும் தமிழிலும் எழுதி ஒரு பலகை நாட்டுக. அதன் கீழே சோதனை நடந்த தேதியையும் சோதித்தவர் கையெழுத்தையும் இடுக. அப்பலகைக்கு ஆகும் செலவு, கடற்கரையில் நட்டுவைக்கும் ஓர் அலங்கார விளக்கின் விலைக்கு மேற்படாது.